குடிநீரும் இரத்த அழுத்தமும்
(நாரணாபுரம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மழை குறைந்து வெயில் மிகுந்த நம் பிரதேசத்தில் தண்ணீர் வழங்குதலினும் மேலான தர்மம் பிறிதில்லை. நம் முன்னோர் கிணறு வெட்டினர்; தண்ணீர்ப்பந்தல் வைத்தனர். நாமோ ஆழ்குழாய்க் கிணறு இறக்குகின்றோம். ஆயினும், கொடுக்கும் நீர் எத்தகையதென்று ஆராயாமற் கொடுப்பது முழுத் தர்மமாகுமா என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடு என்னும் உப்புக் கரைந்திருப்பதுண்டு. கண்ணாலும் நாவாலும் அதனை அறிய இயலாது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், மக்களின் பற்கள் கறைபட்டு முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போனமைக்கு இதுவே காரணமென்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களும் இத்துன்பத்தை அனுபவித்தவையே. அதனை நீக்கும் பொருட்டே காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்நீர் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துமோ என்று பலர் வினவுகின்றனர். சீனா, ஈரான் முதலிய தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளிற் சில, சம்பந்தமுண்டு என்கின்றன. வேறு சில அவ்வாறு காணவில்லை. ஆகவே ஐயம் நியாயமானது. தீர்ப்போ இன்னும் ஆகவில்லை. இதனைக் கேட்டு, 'எல்லாம் தண்ணீரின் குற்றம்' என்று மாத்திரையை நிறுத்துவோர் பெருந்தீங்கைத் தேடிக்கொள்வர். உப்பு மிகுந்த ஊறுகாய், கருவாடு, மதுபானம், உடல் உழைப்பின்மை ஆகியவை அழுத்தத்தை உயர்த்துவன என்பதில் ஐயமில்லை. அவற்றைக் குறைத்தல் நம் கையிலேயே உள்ளது.

அழுத்தத்தைப் பற்றிய வழக்கு முடியாவிடினும், பல்லுக்கும் எலும்புக்கும் நேரும் கேடு நிச்சயமாதலின் நாம் காத்திருத்தல் தகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை நன்று. வேறு நீர் கிடையாவிடத்து 1.5 வரை கொள்ளலாம் என்பது இந்நாட்டு விதி. நீரைக் காய்ச்சுவதால் இவ்வுப்பு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் உருவாகும் காலமாதலின், அவர்கள் பருகும் நீரையே முதற்கண் கவனித்தல் வேண்டும். சுத்தமாகச் சேமித்த மழைநீர் இதற்கு நற்றுணை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையும் உண்டு; அதனை அளவறிந்தோர் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும்.

ஆதலால் நாம் வேண்டுவது இதுவே. நம்மவர் உபயமாக அமைத்த ஒவ்வொரு கிணற்று நீரையும் குடிநீர் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தறிவோம். அளவு மிகுந்திருப்பின், துவைக்கவும் புழங்கவும் மட்டும் என்று அங்கே எழுதிவைப்போம். உபயதாரர் பெயரைக் கல்லிற் பொறிக்கும் நாம், அதன் கீழ் அந்நீரின் அளவையும் பொறிப்போமாக. அதுவே அவ்வுபயத்தை முழுத் தர்மமாக்கும்.