கேபிளின் இரும்புக் கம்பிக்கும் எர்த் வேண்டும்

வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு மண்ணுக்கடியில் கரண்டு கொண்டுபோக ஆர்மர்டு கேபிள் போடுகிறோம். மண்வெட்டி பட்டாலும் தாங்கட்டும் என்றுதான் அதில் இரும்புக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். "மண்ணுலதானே கிடக்குது, அதுக்குத் தனியா எர்த் எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் வாங்கும்போது கேபிளின் வெட்டு முனையைப் பாருங்கள். இரும்புக் கம்பிக்கு மேலே பி.வி.சி. உறை இருக்கும். ஆகவே கம்பி மண்ணைத் தொடுவதே இல்லை.

கடப்பாரை குத்தி, உள்ளே பேஸ் கம்பியும் இரும்புக் கம்பியும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எர்த் இல்லாத இரும்புக் கம்பி முழுவதும் கரண்டு ஏறி நிற்கும். அது தொட்டுக்கொண்டிருக்கும் கொட்டகையின் இரும்புச் சுவிட்சுப் பெட்டியிலும் ஏறும். ஈரத்தரையில் நிற்கும் மாடு அதில் உரசினால் போதும். நாமும் விடியற்காலையில் வெறுங்காலோடுதானே அங்கே போகிறோம்!

இரும்புக் கம்பியை நறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை நிறுத்திவிட்டு, இரண்டு முனையிலும் பித்தளை கிளாண்ட் போடச் சொல்லுங்கள். பெட்டியில் கிளாண்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். அங்கிருந்து எர்த் கம்பி வீட்டு எர்த்தோடு சேர வேண்டும்.

பியூஸை மட்டும் நம்பாதீங்க. எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், 230 வோல்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும். அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.