ஓட்டை எங்கேன்னு பாத்தியா?



எங்க வீட்டு வாசலில் ஒரு செம்பு பாய்லர் இருக்கு. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீர். 14 வருஷம் ஆச்சு. போன மார்கழியில் ஒழுகி, எரியிற விறகே அணைஞ்சு போச்சு. "எடைக்குப் போட்டுட்டு கீசர் வாங்கிடலாம்" என்றார் வீட்டுக்காரர். நானும் குழுவில் 8,000 ரூபாய் கடன் கேட்டேன்.

எங்க ஊக்குநர் அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "ஓட்டை எங்கேன்னு பாத்தியா கண்ணு?"

நான் பார்க்கவே இல்லை.

பாத்திரப் பட்டறையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தகடு கெட்டியாகத்தான் இருந்தது. நடுக்குழாய் அடியில் ஈயம் பத்த வெச்ச இடம் மட்டும் விட்டிருந்தது. தண்ணி குறைஞ்சது தெரியாம தீ போட்டா ஈயம் உருகிடுமாம். அது என் தப்புதான். "தகடே தேஞ்சிருந்தா பத்த வெச்சாலும் நிக்காதும்மா, மாத்தித்தான் ஆகணும்" என்றார் பட்டறைக்காரர். 600 ரூபாயில் வேலை முடிஞ்சது.

கடன் வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்தப் பணம் எங்க குழு அக்கா ஒருத்தர் மகளின் காலேஜ் ஃபீசுக்குப் போச்சு.

என் பாய்லரும் ஒருநாள் தகடு தேயும். அன்னிக்கு நானும் கடன் கேட்பேன். ஆனா ஓட்டையைப் பாத்துட்டுத்தான் கேட்பேன்.