கருணை யார் கையில்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கருணை. இதைப் பார்த்துட்டு ஒரு தோழர், 'இதெல்லாம் மடத்துல பேசுற விஷயமாச்சே, நமக்கெதுக்கு?' என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கருணை என்ற சொல்லைக் கேட்டாலே சேரிக்காரனுக்கு உடம்பு கூசும். அந்தச் சொல் நம்மகிட்ட வந்த வழி அப்படி. கொல்லைப்புறத்துல நிக்க வச்சு, 'பாவம், பசியோட வந்திருக்கான்' என்று இலையில் பழையதைப் போட்டு, தண்ணியை உசரத்துல இருந்து கையில ஊத்தின வழி. சோறு போட்ட அந்த அம்மா கெட்டவங்க இல்லை. நெசமாவே மனசு இரங்கித்தான் போட்டாங்க. அங்கேதான் சிக்கல். இரக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அந்தக் கொல்லையில சண்டையே வரலை. ஒரே கை இரண்டையும் செய்தது.

தனி வீட்டில் நடந்ததைப் பெரிய அளவில், அமைப்பாகவே கட்டிச் செய்தார்கள். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அந்த மாசக் கடைசியிலேயே பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பிற்பாடு அரிசன சேவா சங்கம் என்று பேர் மாறியது அதுதான். நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போகும் வழியில், கப்பலில் இருந்தபடியே பாபாசாகேப் அம்பேத்கர் சங்கச் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தோழர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். தீண்டப்படாதவனுக்கு மதுவிலக்கு, நூலகம், பள்ளிக்கூடம் என்று ஆளாளுக்கு நல்லது பண்ணி ஒழுங்குபடுத்துவது ஒரு பாதை. அவனை அமுக்கி வைத்திருக்கிற சூழலையே தாக்குவது இன்னொரு பாதை. சங்கம் இரண்டாவதைத்தான் எடுக்கணும், கிணறு, பள்ளி, சாவடி, பொது வண்டி என்று குடிமை உரிமைக்காக நாடு பூராவும் இறங்கணும், அதில் அடிதடி வந்தாலும் பின்வாங்கக் கூடாது என்று கேட்டார். அன்பைப் பற்றியும் அந்தக் கடிதத்தில் பேசுகிறார். இரண்டு தரப்பையும் சட்டம் ஒட்டவைக்காது, அன்புதான் ஒட்டவைக்கும், ஆனால் குடும்பத்துக்கு வெளியே அன்புக்குக் கதவு திறக்கக்கூடியது நீதி ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். கடிதம் கிடைத்தது என்றுகூட பதில் வரவில்லை என்பதை 1945-ல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். சேவைக்காரர்களுக்குக் கிணறு கேட்பவன் ஆகாது. கும்பிடுபவன்தான் ஆகும்.

வள்ளலாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1867-ல் வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு சாதி கேட்காமல் சோறு போட்டது. இன்னும் எரிகிறது. அது தனியாகப் பேச வேண்டியது.

அரசாங்கத்துக்கும் கருணை உண்டு தோழர்களே. 1997 சூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியில் நின்று செயித்ததுதான் அவர் செய்த குற்றம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை ஆனது. 2008-ல் அண்ணா நூற்றாண்டு என்று அதில் 3 பேரை விட்டார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி 13 பேரை விட்டார்கள். நான் தூக்குத் தண்டனைக்கு ஆதரவாளன் இல்லை. ஆயுள் கைதி திருந்தி வெளியே வரலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனா மன்னிக்கிற உரிமை யாருது? செத்தவன் வீட்டு வாசல்ல போயி நின்னுல்ல அதைக் கேட்கணும்? தலைவர் பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி கொடுத்த இந்தக் கருணை, மேலே இருக்கிறவன் தன் ஆளுக்குச் செய்துகொண்ட சலுகை.

மாட்டுக்கும் கருணை உண்டு. 2016 சூலையில் குசராத்தின் ஊனாவில், செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். உயிரோடு இருக்கிற மனுசனைவிட செத்துப்போன மாடு பெரிது.

ஆனால் மாட்டுக்கு இரங்கிய ஒருத்தனை மணிமேகலை காட்டுகிறது. பேர் ஆபுத்திரன். பெற்றவள் விட்டுப்போன பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை ராத்திரியில் அவிழ்த்துவிட்டான். அது புனிதம் என்று அவன் நினைக்கவில்லை, சாகப்போகிற ஒரு உயிர் என்று பார்த்தான். பார்ப்பனர்கள் அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி ஏசினார்கள், ஊரை விட்டுத் துரத்தினார்கள். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் மதுரைக்குப் போய், எடுத்த பிச்சையைக் கொண்டுவந்து குருடர், செவிடர், முடவர், கேட்பாரற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு உண்ண வைத்து, மிச்சத்தைத் தான் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அமுதசுரபி அவன் கைக்கு வருவது இதற்கு அப்புறம்தான். அவனிடம் களஞ்சியமும் கிடையாது, கொல்லைப்புறமும் கிடையாது. சாப்பிடுகிறவனும் போடுகிறவனும் ஒரே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பௌத்தம் இதற்கு மைத்திரி என்று பேர் வைத்திருக்கிறது. 1957-ல், பாபாசாகேப் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கருணையோடு நின்றுவிடக் கூடாது, எல்லா உயிரிடத்தும் மைத்திரி வரை போகணும் என்கிறார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் லட்சக்கணக்கான சனத்தோடு அவர் எடுத்த 22 உறுதிமொழிகளிலும் எல்லா உயிர்களிடமும் இரக்கம் என்பது இருக்கிறது. கும்பிடச் சொல்லி வந்த தெய்வங்களைக் கும்பிட மாட்டேன் என்று முதலில் உதறிவிட்டுத்தான் அந்த இடத்துக்கு வருகிறார். வரிசையைக் கவனியுங்கள்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். அடிபட்டவனுக்குக் கோபம் மட்டும் போதும் என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. கோபம் வேணும், நான் வேண்டாம்னு சொல்லலை. 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் என்ன பேசினார்கள்? 'நாமளே பார்த்துச் செய்ய மாட்டோமா, எதுக்குத் தனியாப் பங்கு?' 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. 'பார்த்துச் செய்யறோம்' என்பது யாருடைய பாசை தோழர்களே? அந்தக் கொல்லைப்புறத்துப் பாசை. இன்னொன்று. ராத்திரி ஒரு மணி வரைக்கும் நாம விடுதலை பேசுறப்போ உள்ளே நின்னு டீ போடுற பொம்பளைங்களைக் கூட்டத்துல உட்காரச் சொன்ன தோழர்கள் எத்தனை பேர்?

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க விடுதியில கக்கூஸ் கழுவுற அம்மா பேரைக் கேளுங்க. பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கணும்னு முதல்ல கிளம்பாதீங்க. மாசச் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தக்காரன் அதுல எவ்வளவு பிடிக்கிறான், கையுறை தந்திருக்கானா, தொட்டி அடைச்சா யாரை இறக்குறாங்க என்று கேளுங்க. மலக்குழியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று பாருங்க. மனு எழுதறதா இருந்தா அவங்களையும் பக்கத்துல உட்கார வச்சு எழுதுங்க. பக்கத்துலன்னா, அதே பெஞ்சுல.

மற்றதை விவாதத்தில் பேசுவோம்.