வாசலில் நிற்காத கடவுள்: கிறிஸ்துமஸும் சாதியும்

(கிறிஸ்துமஸையொட்டி மாணவர்கள் ஒருங்கிணைத்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 25 என்றதும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். 1927இல் அந்த நாளில்தான் மகாடில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். 1968இல் அந்த நாள் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மூன்றாவது, கிறிஸ்துமஸ். முதல் இரண்டைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். மூன்றாவதை ஒரு கேக்கோடும் மத நல்லிணக்க வாழ்த்தோடும் முடித்துக்கொள்கிறோம். சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் அந்த வாழ்த்தும் வேண்டும்தான். ஆனால் வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் ஒரு முக்கியமான கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள். அம்பேத்கரையும் பெரியாரையும் வாசித்து வளர்ந்தவள். யாரையும் விசுவாசத்துக்கு அழைப்பது இன்று என் நோக்கமில்லை. கிறிஸ்துமஸ் அன்று கிறித்தவர்கள் எதை நம்புவதாகச் சொல்கிறார்களோ, அதை அவர்கள் சொன்னபடியே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சபைகள் நடந்துகொள்ளும் விதத்தை அதன் அருகில் வைத்துப் பார்ப்போம். அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கைக்கு மனுவுருவாதல் என்று பெயர். கடவுள் மனிதரானார் என்பது அதன் சாரம். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் முதல் நூற்றாண்டுகளில் சபைக்குள் இருந்தவர்களிலேயே பலரால் இதைச் செரித்துக்கொள்ள முடியவில்லை. கடவுளாவது, கருப்பையில் கிடப்பதாவது, பால் குடிப்பதாவது, செத்துப்போவதாவது! அவருக்கு உடல் இருந்ததுபோலத் தோன்றியது, உண்மையில் இல்லை என்று ஒரு தரப்பு வாதிட்டது. தோற்றவாதம் என்று அதைச் சொல்லலாம். சபை அதைத் தவறான போதனை என்று தள்ளியது. முழுக் கடவுள், முழு மனிதர் என்று கி.பி. 451இல் கல்சதோன் பொதுச்சங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே, நான்காம் நூற்றாண்டில், நசியான்சு ஊர் கிரகோரியார் இதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார். மனித வாழ்வில் எதைக் கடவுள் தன்மேல் எடுத்துக்கொள்ளவில்லையோ, அது குணமாகாமலே நின்றுவிடும் என்பது அவருடைய வாதம். ஏதோ ஒரு பகுதி அசுத்தமென்று அவர் தொடாமல் விட்டிருந்தால், அந்தப் பகுதிக்கு மீட்பே கிடையாது.

இந்த வாதத்தை நம் ஊரில் நின்று வாசித்துப் பாருங்கள். தொட்டால் தீட்டு என்கிறது சாதி. தொடாமல் மீட்பில்லை என்கிறது மனுவுருவாதல். ஒருவர் இரண்டையும் சேர்த்து நம்ப முடியாது. நம்புவதாகச் சொன்னால் இரண்டில் ஒன்றை வாயால் மட்டும் சொல்கிறார் என்று அர்த்தம்.

பிறப்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். லூக்கா எழுதியதில், பேரரசு போட்ட கணக்கெடுப்பு உத்தரவுக்காக நிறைமாதக் கர்ப்பிணி ஊர்விட்டு ஊர் போகிறாள். தங்க இடமில்லை. பிள்ளையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். செய்தி முதலில் போய்ச் சேருவது இராத்திரியில் கிடைகாத்துக்கொண்டிருந்த ஆட்டிடையர்களுக்கு. நாற்பது நாள் கழித்துப் பேறுகாலத் தீட்டுக் கழிக்க எருசலேம் கோயிலுக்குப் போகிறார்கள். அதற்கு ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வசதியில்லாதவர்கள் இரண்டு புறா கொடுத்தால் போதும். மரியாவும் யோசேப்பும் கொண்டுபோனது ஏழைகளுக்குரிய அந்தப் பறவைக் காணிக்கையைத்தான். யூதச் சட்டத்தின் தீட்டு வேறு, சாதித் தீட்டு வேறு. முன்னது சில நாளில் கழிந்துவிடும். பின்னது பிறப்பிலிருந்து சாவுவரை கழியாது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. இயேசுவே யூதர்தான். நான் சொல்ல வருவது இதுதான்: பிரசவ ரத்தம், மாட்டுக்கொட்டில், வறுமை ஆகிய எதையும் மறைக்காமல்தான் இந்தக் கதை எழுதப்பட்டிருக்கிறது.

தமிழில் இதைச் சில சமயம் இயேசுவின் அவதாரம் என்று சொல்கிறோம். தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்த சக்கரைச் செட்டியார் 1920களில் எழுதிய இறையியல் நூலின் தலைப்பே இயேசுவை அவதாரம் என்றுதான் அழைக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடு வேறு பல கதைகளும் கூடவே வந்துவிடுகின்றன. மகாபலியைப் பாதாளத்தில் அழுத்திய வாமனனும் அவதாரம்தான். சம்புகனைக் கொன்றதாக உத்தரகாண்டம் சொல்லும் ராமனும் அவதாரம்தான். 1873இல் வெளியான ‘குலாம்கிரி’யில் ஜோதிராவ் புலே மச்சம், கூர்மம், வராகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவை ஆதிக்கம் வென்ற கதைகள் என்று உரித்துக்காட்டினார். குலைந்த வருண ஒழுங்கை நிலைநிறுத்த மேலிருந்து வருவது அந்த வகை அவதாரம். பெத்லகேம் கதையில் ஒழுங்கைக் காப்பவன் ஏரோது. அவன் இந்தக் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மரியா பாடுகிற பாட்டில் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஆசனத்திலிருந்து இறங்குகிறார்கள், பசித்தவர்கள் வயிறு நிறைகிறது, பணக்காரர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். ஆகவே எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் கடவுள் எந்தப் பக்கம் பிறந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி நம் வரலாற்றுக்கு வருகிறேன்.

1606இல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். பரங்கிகள் மாட்டுக்கறி தின்பவர்கள், தாழ்ந்தவர்கள் என்று உயர்சாதியினர் ஒதுக்குவதைப் பார்த்தார். நான் பரங்கி இல்லை என்றார். காவி உடுத்தினார், சைவம் சாப்பிட்டார், பூணூல் போட்டார். கடலோரத்துப் பரவர் கிறித்தவர்களுக்காக மதுரையில் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்த சக துறவியிடமிருந்து விலகித் தனியாக வசித்தார். அவருடைய தமிழ்ப் பணி பெரியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வழியைப் பண்பாட்டுமயமாதல் என்றும், கடவுள் மனிதரான வழியைப் பின்பற்றியது என்றும் போற்றுவதைக் கேட்கும்போது எனக்குத் திசை பற்றிச் சந்தேகம் வருகிறது. மனுவுருவாதல் கீழே இறங்கிய கதை. நொபிலி மேலே ஏறினார்.

அந்த வழியில் மதுரை மிஷனில் பிராமண சந்நியாசிகள் போல வாழும் குருக்கள் ஒரு பக்கம், மற்றச் சாதியினருக்கான பண்டாரசாமிகள் இன்னொரு பக்கம் என்று பிரிவு உருவானது. அதன் உச்சத்தை 1704இல் பார்க்கிறோம். திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த டூர்னோன் வழியில் புதுச்சேரியில் தங்கினார். இங்கே நடப்பதை விசாரித்து ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் விதிகளில் ஒன்று: நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய் அருளடையாளங்களை வழங்க வேண்டும்.

இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது? குருக்கள் போகவில்லை என்பதால்தான். சாகக் கிடக்கிறவர்களை வீட்டிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவரச் சொன்னார்கள். சேரி வீட்டுக்குள் நுழைந்தால் மற்ற சாதியினர் தங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அஞ்சினார்கள். ஆணையை எதிர்த்து ரோமாபுரிக்கு முறையீடுகள் போயின. நாற்பது ஆண்டுகள் வழக்கு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தபோது, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படியானால் மற்ற குருக்கள் அந்த வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.

என் ஆய்வுக்கான வாசிப்பில் என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் இது. கடவுள் கருப்பைக்குள்ளும் மாட்டுக்கொட்டிலுக்குள்ளும் நுழைந்தார் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசங்கம் செய்தவர்கள், சாகக் கிடக்கும் ஒரு மனிதரின் வீட்டுக்குள் நுழையலாமா வேண்டாமா என்று நாற்பது ஆண்டுகள் வாதாடினார்கள். தோற்றவாதத்தைத் தவறான போதனை என்று தள்ளிய சபை, இங்கே அதையே நடைமுறையாக்கியது.

வடக்கன்குளத்தில் ஒரு கோயில் இருக்கிறது. திருக்குடும்ப ஆலயம் என்று பெயர். இயேசு, மரியா, சூசை என்ற அந்தக் குடும்பத்தின் பெயர். அந்தக் கோயிலே வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கால்போலக் கட்டப்பட்டு, நடுவில் சுவரோடு நின்றது. பலிபீடம் மட்டும் பொது. 1910இல் பங்குக்குரு சுவரை எடுத்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வாசியுங்கள்.

அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை, தங்கள் சவ ஊர்வலமும் தேரும் பொதுத் தெருவில் போக முடியவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள், தாக்கப்பட்டவர்களும் கத்தோலிக்கர்கள். அந்த ஆண்டு டிசம்பரிலும் இரு தரப்பும் ஒரே குழந்தைக்குத்தான் குடில் கட்டியிருப்பார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது அரசு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி உச்ச நீதிமன்றம்வரை போனார். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவர் கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் நீதிமன்றம் கைவிரித்தது. அந்த வழக்கின் பெயர் சூசை வழக்கு. யோசேப்பைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அழைக்கும் பெயர் அது. பெத்லகேமில் இடம் கிடைக்காமல் நின்றவரின் பெயர்.

இந்தப் பொறியைக் கவனியுங்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்கிறது கோட்பாடு. இருக்கிறது என்கிறது கல்லறைச் சுவர். அரசோ கோட்பாட்டை மட்டும் நம்பி, கல்லறைச் சுவருக்குக் கண்ணை மூடிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர்கள் தலித் கிறித்தவர்கள்தான். மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023இல் தீர்மானம் போட்டது. ஆயர்களும் அதைக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நாமும் கேட்க வேண்டும். ஆனால் டெல்லியைப் பார்த்துக் கேட்கும் வாய், தன் பங்குக் கல்லறையைப் பார்த்தும் பேச வேண்டும்.

சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு இந்த இறையியல் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். கிறித்தவரானவர்களுக்கு உள்ளே சாதி கரைந்துவிடவில்லை என்பதை அம்பேத்கரே விரிவாக எழுதியிருக்கிறார். அந்த விமர்சனம் இன்றும் செல்லும். ஆனால் இந்த நம்பிக்கையோடுதான் லட்சக்கணக்கான நம் மக்கள் வாழ்கிறார்கள். பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போடும் ஒரு தலித் பெண்ணுக்கு அரசியல் சட்டம் ஒரு கையில் இருக்கிறது. உன் கடவுள் எங்கே பிறந்தார் என்று கேட்கும் உரிமை இன்னொரு கையில் இருக்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தக் குருவும் எந்தப் போதகரும் கிறிஸ்துமஸ் பிரசங்கம் செய்ய முடியாது.

ஏரோது குழந்தைகளைக் கொன்றதை நினைத்து டிசம்பர் 28ஐச் சபை கடைப்பிடிக்கிறது. வெண்மணியில் எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டவர்களின் குடும்பங்கள். வேளாங்கண்ணியும் வெண்மணியும் இன்று ஒரே நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கின்றன. நான் போன எந்தக் கிறிஸ்துமஸ் வழிபாட்டிலும் வெண்மணி என்ற பெயரைக் கேட்டதில்லை. மன்றாட்டில் ஒரு வரியாக அதைச் சேர்க்க எந்தத் திருச்சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை.

இங்கே இருக்கும் கிறித்தவ இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் கேரல் பாடப் போவீர்கள். எந்தத் தெருவரை போகிறீர்கள், எந்தத் தெருவோடு திரும்புகிறீர்கள் என்று பாருங்கள். யார் வீட்டில் உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறீர்கள், யார் வீட்டில் வாசலிலேயே பாடி முடித்துக் காணிக்கை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் உங்கள் பங்கு மன்றத்தில், உங்கள் சபைக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். கிறித்தவரல்லாத தோழர்கள் நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லும்போது, உங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் இருக்கிறதா என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அது அவர்கள் பண்டிகையைக் கெடுக்காது. அவர்கள் கொண்டாடுவதாகச் சொல்கிற விஷயமே அதுதான்.