கடைக் கணக்கும் கல்விக் கணக்கும்

(வள்ளூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் மளிகைச் செலவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோமே என்று சிலர் வியக்கலாம். ஆசிரியப் பணியில் நாம் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுள் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள் பலர் அறிவுக் குறைவினால் நிறுத்தவில்லை. வீட்டுக் கணக்கில் விழுந்த ஓட்டையினால் நிறுத்தினார்கள். ஆகவே கடைக் கணக்கைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சிக்கனமின்மையே நம் வறுமைக்குக் காரணம் என்று நாம் கூற வரவில்லை. நிலம் மறுக்கப்பட்டது, கல்வி மறுக்கப்பட்டது, உழைப்புக்கேற்ற கூலியும் மறுக்கப்பட்டது. அவற்றுக்கான போராட்டம் வேறு. அது நடந்தே தீரவேண்டும். ஆனால் போராடிப் பெற்ற கூலியும் கையில் தங்காமல் போகுமானால், அது எவ்வழியே போகிறது என்று பார்ப்பதும் நம் கடமைதானே?

1857ஆம் ஆண்டில் எர்னஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர், தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்காகச் செலவாகும் பங்கு கூடுகிறது என்பதே அம்முடிவு. நம் நாட்டிலும் அதுவே நிலை. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டுப்புறக் குடும்பங்களின் செலவில் நூற்றுக்கு 46 ரூபாய்க்கு மேல் உணவுக்கே போகிறது. நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 39 ரூபாய் போகிறது. சராசரியே இவ்வாறானால், அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் நம் குடும்பங்களின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறோம், பெயர் வேண்டா. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பாலிடெக்னிக்கில் இடமும் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவன் தந்தையார், "ஐயா, பையன் பாலிடெக்னிக் போகவில்லை. லாரி நிறுத்துமிடத்தில் உதவியாளாகச் சேர்த்துவிட்டேன்" என்றார். காரணம் கேட்டோம். மளிகைக் கடையில் பதினான்காயிரம் ரூபாய் கடன் நிற்கிறது என்றார். கல்லூரிக் கட்டணம் அன்று, பருப்பும் எண்ணெயும் சோப்பும் அந்தப் பிள்ளையின் வழியை மறித்து நின்றன!

சான்றிதழைக் கொடுக்காமல் அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். அந்த அம்மையாரிடம் கடை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூவரும் அமர்ந்து ஒரு மாதக் கணக்கைப் பிரித்து எழுதினோம். அப்போது கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நியாய விலைக் கடை. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அவ்வீட்டில் அந்த அரிசியில் பாதியை வாங்காமலே விட்டுவிட்டு, வெளியில் மூட்டை அரிசி வாங்கினார்கள். இட்லி தோசைக்கும் ஒருவேளைச் சோற்றுக்கும் அதைப் பயன்படுத்தினாலே மாதம் எழுநூறு ரூபாய் மிஞ்சும் என்று கணக்கில் தெரிந்தது. கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்த துவரம் பருப்பையும், 25 ரூபாய்க்குக் கிடைத்த பாமாயிலையும் வேலைக்குப் போகும் அவசரத்தில் வாங்கத் தவறியிருந்தார்கள். அதில் இருநூறு ரூபாய் போயிற்று.

இரண்டாவது, சில்லறையாக வாங்குதல். அன்றாடம் கால் கிலோ, நூறு கிராம், சிறு பாக்கெட் என்று வாங்கியதில் நானூறு ரூபாய் கூடுதலாகப் போயிற்று. கையில் மொத்தப் பணம் உள்ளவன் மலிவாக வாங்குகிறான். இல்லாதவன் அதே பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறான். ஆயினும் பெரிய பாக்கெட் எல்லாம் மலிவு என்றும் மயங்கிவிடக் கூடாது. ஷாம்பூ போன்ற சில பொருள்களில் சிறு பாக்கெட்டே மலிவாக இருப்பதுண்டு. விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதே வழி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குத்தான் இது. அந்தப் பிள்ளையையே கடைக்கு அழைத்துச் சென்று போடச் சொல்லுங்கள். கல்வியின் பயன் வீட்டிற்குள் வருவதைக் கண்ணாரக் காண்பீர்கள்.

மூன்றாவது, கடனுக்கு வாங்குதல். ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டும் முந்நூறு ரூபாய் வந்தது. கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவரும் முதல் போட்டவர். எத்தனையோ இரவுகளில் நம் வீட்டு அடுப்பு எரியக் கொடுத்தவர். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நோட்டில் கடன் உள்ளவன் தராசைப் பார்த்துக் கேள்வி கேட்கமாட்டான். பருப்பில் கல் கிடந்தாலும் வாய் திறக்கமாட்டான். விலை குறைந்த வேறு கடைக்கும் போகமாட்டான். கடன் பணத்தை மட்டுமா வாங்கிக்கொள்கிறது? நாவையும் சேர்த்தல்லவா வாங்கிக்கொள்கிறது! நம் பாட்டன்மார் கடை வாசலுக்கு எட்டி நின்று, காசை வைத்துவிட்டு விலகி, வீசியெறிந்த பொருளைத் துண்டில் ஏந்திய காலம் ஒன்று இருந்தது. அந்த இழிவை எதிர்த்து எழுந்த சமுதாயம், இன்று கடன் நோட்டின் முன் தலைகுனிந்து நிற்கலாமா?

நான்காவது, தின்பண்டம். இரண்டு பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குப் பத்துப் பத்து ரூபாய்ப் பொட்டலம். மாதம் அறுநூறு ரூபாய். உப்பும் எண்ணெயும் காற்றும் நிறைந்த பை அது. அதற்கு மாற்றாக வேர்க்கடலையும் சுண்டலும் இருநூறு ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்யலாம் என்றார் அந்த அம்மையார். நானூறு ரூபாய் மீதி. பிள்ளைகளுக்கு உடல்நலம் ஊதியம்.

எழுநூறு, இருநூறு, நானூறு, முந்நூறு, நானூறு. கூட்டினால் இரண்டாயிரம் ரூபாய். ஏழு மாதத்தில் பதினான்காயிரம். கடைக்காரரிடம் சென்று, "மாதம் இரண்டாயிரமாகப் பழைய பாக்கியைத் தீர்க்கிறோம்; புதிதாக வாங்குவதற்கு ரொக்கம் தருகிறோம்" என்று சொன்னபோது அவர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். எட்டாம் மாதம் அவன் தந்தையார் நோட்டின் மேல் குறுக்குக் கோடு போட்டு நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நாம் வழங்கிய எத்தனையோ சான்றிதழ்களைவிட அந்தக் கோடு நமக்குப் பெரிதாகத் தோன்றியது.

அந்த நோட்டில் எழுதப்படாத செலவுகளும் உண்டு. மது, புகையிலை, இளைஞர்களின் கைப்பேசி, இவை எந்த மளிகைக் கணக்கிலும் ஏறுவதில்லை. மனைவியிடம் பருப்புக்குக் கணக்குக் கேட்கும் ஆண்மகன், தன் சட்டைப் பைக்கும் கணக்குச் சொல்லவேண்டும். அதுவே நீதி.

எதைக் குறைக்கலாகாது என்பதையும் கூறவேண்டும். முட்டை, பால், பருப்பு, கீரை ஆகியவற்றைப் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாயின் பங்கைக் குறைத்துச் செய்யும் சிக்கனம் சிக்கனமன்று, அது கொடுமை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப் போயின. 2010இல் காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆற்றலுடன் சென்னை மாநகருக்கென அமைக்கப்பட்டது. அதன் அருகில் வாழும் நாமோ கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். இச்செலவைத் தனி வீட்டுச் சிக்கனத்தால் குறைக்க இயலாது. ஊர் கூடி ஊராட்சியிடம் கேட்டே குறைக்க வேண்டும். எது வீட்டில் தீர்வது, எது வீதியில் தீர்வது என்று பிரித்தறிவதும் கணக்கின் ஒரு பகுதியே.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. பொட்டலத்தில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. தராசும் எடைக்கற்களும் உரிய காலத்தில் முத்திரையிடப்பட வேண்டும். அதைக் கண்காணிப்பது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக 2019இல் புதிய சட்டமே வந்துவிட்டது. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். படித்த இளைஞர்கள் இவற்றைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி, தனி ஒருவரால் ஆகாததைக் கூட்டாகச் செய்வது பற்றி. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடினர். அவர்களுள் பலர் ஏழை நெசவாளர்கள். ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி என்று சில பொருள்களே அங்கு இருந்தன. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, ரொக்கம் மட்டுமே என்பன அவர்கள் நெறிகள். இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக்கொண்டனர். பின்னர் அவ்விலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் நடத்தினர். மளிகைக் கடையிலிருந்து படிப்பகம் பிறந்த வரலாறு இது!

நம் சென்னையில் 1904ஆம் ஆண்டிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் முன்னின்ற வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் என்பதை எண்ணும்போது, நாம் இன்று இம்மேடையில் மளிகை பேசுவது புதிதன்று என்று ஆறுதல் கொள்கிறோம். நம் மக்களுக்கும் கூட்டுறவு அந்நியமன்று. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட மக்கள் வீட்டுமனை பெறுவதற்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. சிறு தவணைகளாகச் செலுத்தியே நம் முன்னோர் பலர் சொந்த மனைக்கு உரியவராயினர். மனையைக் கூட்டாக வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளால் மளிகையைக் கூட்டாக வாங்க முடியாதா?

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். முதலில் பத்துக் குடும்பங்கள் சேரட்டும். மாதந்தோறும் சம்பளம் வந்தவுடன் பட்டியலும் பணமும் தரட்டும். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு என்று கெடாத பொருள்கள் மட்டும் போதும். இரண்டு தாய்மார்களும் இரண்டு இளைஞர்களும் அத்திப்பட்டில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கொத்தவால்சாவடி மொத்தக் கடைகள் அருகிலேயே உள்ளன. போக்குவரத்துச் செலவையும் சேர்த்து, மீஞ்சூர் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மலிவாயிருந்தால் மட்டுமே வாங்கட்டும். விலைச் சீட்டைச் சங்கச் சுவரில் ஒட்டட்டும். கடன் யாருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. மிச்சப்படும் நூறு ரூபாயில் இரண்டரை ரூபாயை இரவுப் படிப்பகத்திற்குக் கொடுக்கட்டும். ஒரே மாதத்தில் பெரும்பயன் தெரியாது. ஓராண்டு பொறுத்தால் தெரியும். கணக்கு ஒளிவுமறைவின்றி இருந்தால் நிலைக்கும்; இல்லையேல் பகையில்தான் முடியும். இதனை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

"கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்" என்பது அண்ணல் அம்பேத்கர் நமக்கு வகுத்த வழி. ஒன்றுசேர்வது மாநாட்டுப் பந்தலில் மட்டும் நிகழ்வதன்று. பத்து வீட்டுப் பருப்பை ஒரே தராசில் நிறுக்கும்போதும் நிகழ்வதே.

இளைஞர்களே! இன்றிரவு வீடு திரும்பியதும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒரு மாதம் ஒன்றையும் குறைக்க வேண்டா. எழுதினால் மட்டும் போதும். எழுதிய செலவு தானாகவே வெட்கப்பட்டுக் குறையத் தொடங்கும். மாத முடிவில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடியமர்ந்து அதைப் படியுங்கள். கடைசி வரியில் "கல்விக்கு" என்று ஓர் இடம் ஒதுக்குங்கள். முதல் மாதம் அதில் ஐம்பது ரூபாய்தான் எழுத முடிந்தாலும் எழுதுங்கள். அடுத்த விழாவில் இதே மேடையில் பேசும் பொறியாளரோ ஆசிரியரோ அந்த ஐம்பது ரூபாயிலிருந்து எழுந்தவராக இருப்பார்.