வக்கீல் ஜெயரத்தினம் அவர்களும் அவர் வீட்டாரும்
(சங்க நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

சிங்கப்பூர் வக்கீல் ஜே. பி. ஜெயரத்தினம் அவர்களைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். அவர் நம் தோட்டத்து ஆள் அல்லர். பால்வாளி தூக்கியவரும் அல்லர். யாழ்ப்பாணத்து வேர், லண்டனில் சட்டப் படிப்பு, கோட்டும் டையும், கன்னத்தில் இறங்கும் நரைத்த கிருதா. பார்த்தால் துரை வீட்டு விருந்துக்குப் புறப்பட்டவர் போலத்தான் இருப்பார். அவரை ஒரு தொழிலாளர் சங்கம் ஏன் நினைக்க வேண்டும் என்று பின் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் சட்டத்தை விற்றுப் பிழைப்பார்கள். இவரோ பொதுமக்களுக்காகச் சட்டத்தைக் கையில் எடுத்தார். அதற்கான விலையைத் தம் சொந்த வீட்டிலிருந்து கொடுத்தார். அந்த வீட்டைப் பற்றியும் சேர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறோம். பொதுவாழ்வில் நின்றவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அவர்கள் வீட்டை மறந்துவிடுகிறோம்.

அவர் 1926ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். வளர்ந்தது நம் ஜொகூரில். தகப்பனார் ஜொகூர் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்களைச் சயாம் மரண ரயிலுக்கு வாரிக்கொண்டு போனார்களே, அந்த நாளில் இளைஞர் ஜெயரத்தினம் ஜப்பானிய மொழியைக் கற்று ஆபீஸ் வேலை பார்த்தார். நான்கு எழுத்துப் படித்தவன் எங்கே நின்றான், படிக்காதவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.

யுத்தம் முடிந்த பின் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சட்டம் படித்து 1951இல் பாரிஸ்டர் ஆனார். அங்கே உடன் சட்டம் படித்த மார்கரெட் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை 1957இல் மணந்தார். அந்தக் காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வெள்ளைக்கார மருமகள் என்றால் உறவினர் வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம். இரண்டு ஆண் பிள்ளைகள், கென்னத், பிலிப்.

1952இல் அரசாங்கச் சட்டச் சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், மாவட்ட நீதிபதி, உயர் நீதிமன்றப் பதிவாளர் என்று ஏறிக்கொண்டே போனார். இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் பெரிய நீதிபதி நாற்காலியே கிடைத்திருக்கும். 1963இல் அந்த வேலையை விட்டு வெளியே வந்தார். 1968இல் சொந்தமாக வக்கீல் ஆபீஸ் வைத்தார். கை நிறையச் சம்பாதிக்கும் தொழில். மனைவியும் சட்டம் தெரிந்தவர். வீட்டில் வளரும் இரண்டு பையன்கள். இப்படிப்பட்ட ஒரு மனிதர் அதற்கு மேல் எதற்கு ஆசைப்பட வேண்டும்?

அவர் ஆசைப்பட்டது அரசியலுக்கு. 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி அப்போது படுத்த படுக்கையாய்க் கிடந்தது. 1971இல் அதன் பொதுச் செயலாளராகி அதைத் தூக்கி நிறுத்தினார். மார்ஷலும் வக்கீல், இவரும் வக்கீல். கட்சியின் பெயரோ பாட்டாளிக் கட்சி! சிரிக்காதீர்கள் தோழர்களே, நம் சங்கங்களின் ஆரம்பக் கதையிலும் கிராணிமார்களின் கையெழுத்து இருக்கிறது.

முதல் தேர்தல் 1972இல், பேரர் பார்க் தொகுதி. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து நாம் பூவும் நகையும் புடவையும் வாங்கத் தேக்காவுக்குப் போகிறோம் அல்லவா? செராங்கூன் சாலையில் அப்படியே மேலே நடந்து பெருமாள் கோயிலருகே போனால் அந்த வட்டாரம்தான். தமிழ்க் காற்று வீசும் அந்த இடத்திலும் அவருக்கு வெற்றி இல்லை. 1976இல் கம்போங் சாய் சீயில் தோல்வி. 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸில் தோல்வி. 1979 இடைத்தேர்தலில் தெலோக் பிளாங்காவில் தோல்வி. 1980இல் அதே தெலோக் பிளாங்காவில் மறுபடியும் தோல்வி. இதற்கிடையில் 1976 தேர்தல் மேடையில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் யூ அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டு, 130,000 வெள்ளி நஷ்ட ஈடும் செலவும் என்று தீர்ப்பு வாங்கினார்.

அந்தத் தொகையை நம் கணக்கில் எண்ணிப் பாருங்கள். தேர்தலில் தோற்றவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்கிறது. வழக்கில் தோற்றவனுக்கோ அடுத்த நாளிலிருந்து கடன் இருக்கிறது. அந்தக் கடன் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்? மார்கரெட் அம்மையாரும் பிள்ளைகளும் இருந்த வீட்டுக் கதவைத்தான். அந்த அம்மையார் 1980இல் புற்றுநோயால் காலமானார். தோல்விகளையும் அந்தத் தீர்ப்பையும் சுமந்த ஆண்டுகளில் பக்கத்தில் நின்றவர், அடுத்த ஆண்டு வந்த வெற்றியைக் காணவில்லை.

அந்த வெற்றிதான் ஆன்சன். தேவன் நாயர் 1981இல் சிங்கப்பூரின் குடியரசுத் தலைவர் ஆனதால் காலியான இடம் அது. தேவன் நாயர் யார் தெரியுமா? மலாக்காவில் ஜாசினில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணியின் மகன். கிராணியின் மகன் விட்டுப்போன நாற்காலியில் மராமத்து இலாகாக்காரரின் மகன் போய் அமர்ந்தார். ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. அங்கே பிளேர் பிளேன் என்னும் இடத்தில் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பெட்டிச் சரக்குக்கு இடம் வேண்டுமாம். மாற்று வீட்டுக்கு வழி என்ன என்று அந்தக் குடும்பங்கள் கலங்கிக் கிடந்தன. தோட்டம் கைமாறும்போது லயத்துக் கதவில் ஒட்டும் காகிதத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் 31ஆம் நாள் வாக்கு எண்ணியபோது ஜெயரத்தினம் அவர்களுக்கு 7,012, ஆளுங்கட்சிக்காரருக்கு 6,359. 653 வாக்கு வித்தியாசம். சுதந்திர சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தேர்தலில் வென்றது அதுவே முதல் முறை. 1984இல் ஆன்சன் மக்கள் மேலும் பெரிய வித்தியாசத்தில் அவரை மறுபடியும் அனுப்பினார்கள்.

இனிச் சொல்லப் போவதைச் சங்கக் கணக்கு எழுதும் கிராணிமார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பாட்டாளிக் கட்சி ஒரு பழைய வழக்கில் தோற்று, செலவுத் தொகை கொடுக்க வேண்டியிருந்தது. கட்சிக்கு வந்த சில காசோலைகள் கடன்காரர் கைக்குப் போகாதபடி மறைக்கப்பட்டன என்றும், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யாக உறுதி கூறப்பட்டது என்றும் அவர் மேலும் கட்சித் தலைவர் மேலும் குற்றஞ்சாட்டினார்கள். முதல் விசாரணையில் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் தள்ளுபடி ஆயின. பிறகு மேல் விசாரணை, மறு விசாரணை. முடிவில் 1986இல் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும். 2,000 வெள்ளியும் அதற்கு மேலும் அபராதம் விதிக்கப்பட்டால் பாராளுமன்ற இடம் போய்விடும் என்பது அப்போது அங்கிருந்த சட்டம். இடம் போயிற்று. 1987இல் வக்கீல் பட்டியலிலிருந்தும் பெயரை அடித்தார்கள்.

அவர் என்ன செய்தார்? பெயர் அடிக்கப்பட்டதை எதிர்த்து லண்டன் பிரிவி கௌன்சிலுக்கு அப்பீல் செய்தார். அந்தத் தண்டனையை எதிர்த்து அங்கே போக வழியில்லை. வக்கீல் பட்டியல் விவகாரத்துக்கு மட்டும் வழி இருந்தது. அந்தச் சின்னக் கதவு வழியாக நுழைந்தார். 1988இல் பிரிவி கௌன்சில் நீதிபதிகள் வழக்கு முழுவதையும் புரட்டிப் பார்த்து, இவர்கள் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தார்கள், இவர்களுக்குப் பெரும் அநீதி நடந்திருக்கிறது என்று எழுதி, அவரை மறுபடி வக்கீலாக்கினார்கள். ஆனால் பழைய தண்டனை தண்டனையாகவே நின்றது. மன்னிப்புக் கேட்டுக் குடியரசுத் தலைவருக்குப் போட்ட மனு மறுக்கப்பட்டது. குற்றமில்லை என்று லண்டன் சொல்லியும், குற்றவாளி என்ற ஏடு சிங்கப்பூரில் மூடப்படவில்லை. சில ஆண்டுகளில் பிரிவி கௌன்சிலுக்குப் போகும் வழியே முற்றிலும் அடைக்கப்பட்டது.

இப்போது வீட்டுக்கு வருவோம். தகப்பன் இப்படி ஊர் அறியப் போராடினால் பிள்ளைகள் கதி என்ன? 1993இல் ஒரு செய்தி நடந்தது. அது வெளியே தெரிந்தது அவர் மறைந்த பிறகுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகன் ஒருவருக்குச் சிங்கப்பூரில் தகுந்த வேலை கிடைக்கவில்லை. ஜெயரத்தினத்தின் பிள்ளை என்றால் முதலாளிமார் தயங்குகிறார்கள் என்று தகப்பனார் நினைத்தார். அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் அவர்களுக்கே கடிதம் எழுதினார். அந்தப் பிள்ளையை வேலைக்கு வைப்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று பிரதமர் பதில் கொடுத்தார், வேலையும் கிடைத்தது. 2008இல் பிரதமர் லீ சியன் லூங் பிள்ளைகளுக்கு எழுதிய அனுதாபக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருந்தார்.

இதைப் படித்துச் சிலர் ஏளனம் செய்தார்கள். எங்களுக்கோ அவர் மேல் மதிப்பு உயர்ந்தது. தமக்காக அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. சிறைக்குப் போனபோதும் நீட்டவில்லை. பிள்ளைக்காக, தாம் எதிர்த்து நின்ற அரசாங்கத்தின் வாசலிலேயே கேட்டார். கங்காணியோடு முதல் நாள் சண்டை போட்டுவிட்டு மறுநாள் மகளுடைய பள்ளிக்கூட விஷயமாக அவன் முன்னே போய் நிற்க நேர்ந்த தகப்பன்மார் நம்மிலும் உண்டு. அந்தக் கால் எவ்வளவு கனக்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

அவர் குறையே இல்லாதவர் என்று நாங்கள் சொல்லவில்லை. பிடிவாதக்காரர். எந்தச் சொல் தம்மை மறுபடி கோர்ட்டில் நிறுத்தும் என்று கணக்குப் போடத் தெரியாதவர், அல்லது தெரிந்தும் போடாதவர். 1997 தேர்தலில் செங் சான் குழுத் தொகுதியில் நெருங்கிவந்து தோற்று, தொகுதியில்லா உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். அந்தத் தேர்தல் மேடையிலும் ஒரு வாக்கியம் பேசி வழக்கில் மாட்டினார். 1995இல் கட்சியின் பத்திரிகையில் தமிழில் வந்த ஒரு கட்டுரை தமிழ் மொழி வாரம் நடத்தியவர்களை இழிவுபடுத்தியது என்று விழாக் குழுவினர் தொடுத்த வழக்கிலும் தோற்றார். அந்தக் கடனின் தவணை உரிய நாளில் போய்ச் சேராததால்தான் 2001இல் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். தமிழுக்கு எடுத்த விழாவின் பேரால் தமிழர்கள் தமிழர்மேல் போட்ட வழக்கு ஒரு தமிழ் வக்கீலைக் கவிழ்த்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாங்கள் நீதிபதிகள் அல்லர். ஆனால் நினைத்தால் நெஞ்சு கசக்கிறது.

திவாலானவர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. வக்கீல் தொழிலும் செய்ய முடியாது. கட்சிக்காரர்களோடும் மனக்கசப்பு ஏற்பட்டு, அதே ஆண்டு பாட்டாளிக் கட்சியையும் விட்டு விலகினார். அப்போது வயது எழுபத்தைந்து. பாராளுமன்றத்தில் தாம் பேசிய பேச்சுகளைப் புத்தகமாக்கி, நகரத்து நடைபாதையில் நின்று தாமே விற்றார். ஒரு காலத்தில் உயர் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர்! சிலர் தலையைக் குனிந்து கடந்து போனார்கள். சிலர் நின்று வாங்கினார்கள்.

அந்த நாளிலும் வக்கீல் புத்தி போகவில்லை. ஈப்போவைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் சிங்கப்பூரில் தூக்குக்குக் காத்திருந்தார். ஜெயரத்தினம் அவர்களால் அங்கி போட்டு வாதாட முடியாது. ஆகவே எம். ரவி என்னும் இளைய வழக்கறிஞரிடம் அந்த வழக்கை எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். ரவி எடுத்தார். இளைஞர் 2003 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். வழக்கு தோற்றதுதான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் வக்கீல் இல்லாமல் தனித்து நிற்கவில்லை.

2007இல் ஏறத்தாழ 233,000 வெள்ளி கட்டித் திவால் நிலையிலிருந்து மீண்டார். எண்பத்தொரு வயதில் மறுபடியும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போனார். 2008 ஜூன் மாதம் சீர்திருத்தக் கட்சி என்று புதுக் கட்சியும் தொடங்கினார். அந்த வயதில் நாமாக இருந்தால் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்போம். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இதயக் கோளாறு காரணமாக, செராங்கூன் சாலையிலிருந்து அதிக தூரமில்லாத தான் டோக் செங் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது எண்பத்திரண்டு.

பிலிப் தகப்பனாரைப் போலவே வக்கீலாகிச் சட்டச் சங்கத் தலைவராக இருந்தார். கதைகளும் எழுதினார். ஆசிரியர் ஒருவரின் கதையை வைத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ஒன்று 1995இல் வெளிவந்தது. கென்னத் 2009இல் தகப்பனார் தொடங்கிய கட்சியின் பொறுப்பை ஏற்றார். வேலை கிடைக்காமல் திண்டாடியதைக் கண்ட பிள்ளைகள் அரசியல் வாடையே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்துப் பேச வேண்டிய தோழர் காத்திருக்கிறார். நாங்கள் அமர்கிறோம்.