கால்மாட்டில் ஒரு பாய்

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர் ஒருவர் இருக்கும் வீடுகளில், கட்டிலின் கால்மாட்டில் ஒரு கோரைப் பாய் சுருட்டிச் சாத்தி வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். இரவில் அது விரிக்கப்படும். அதில் படுப்பவர் உறங்குவதும் உறங்காததும், கட்டிலில் இருப்பவருடைய இருமலையும் முனகலையும் பொறுத்தது. அவருக்கு நம் ஊரில் திட்டமான பெயர் ஒன்று இல்லை. 'ஆயா' என்பார் சிலர். 'அட்டெண்டர்' என்பார் சிலர். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் 'ஹோம் நர்ஸ்' என்று சற்றே உயர்த்திச் சொல்வார்கள். வீட்டுக் குழந்தைகளோ 'பாட்டியைப் பார்த்துக்கிற அக்கா' என்பார்கள். செய்கிற வேலைக்கு மிகவும் பொருந்திய பெயர் குழந்தைகள் சொல்வதுதான் என்பது என் அபிப்பிராயம். இதை ஒரு சொல்லாராய்ச்சியாக நான் எடுத்துவரவில்லை. வெள்ளமோ தொற்றுநோயோ வந்து, அரசாங்கம் ஜனங்களைப் பட்டியல்களின் மூலம் ஆளத் தொடங்குகிற நாளில், திட்டமான பெயர் இல்லாதவருக்குப் பட்டியலில் இடமும் இல்லாமற் போகிறது என்பதைச் சொல்லவே எடுத்துவந்தேன்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்துவிடப்பட்ட தண்ணீர் அடையாற்றின் இரு கரைகளையும் மீறிச் சென்னைக்குள் புகுந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் அசோக் நகரில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். எண்பத்து நான்கு வயதான என் தாயார், இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அவருடைய சிசுருஷைக்காக வந்திருந்த பெண்மணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம்.

மின்சாரம் நின்றதும் முதல் ஆபத்து எங்கிருந்து வரும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றிற்று. தாயார் படுத்திருந்தது காற்று மெத்தை. மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறிய பம்பு அதன் அறைகளில் மாறி மாறிக் காற்றை நிரப்பி, உடம்பின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுந்திப் படுக்கைப்புண் உண்டாகாதபடி காத்துவந்தது. பம்பு நின்றால் மெத்தை வெறும் ரப்பர் விரிப்பாகிவிடும். நாங்கள் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்மணி தம் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, காற்றுக் குழாயை மடித்து இறுகக் கட்டிவிட்டார். அப்படியும் காற்று மெல்லக் கசிந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே, வழக்கமாக இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவர், அன்று முதல் மணிக்கு ஒரு தரம் புரட்டினார்: விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, தம் முழங்கால் ஒன்றைக் கட்டிலின் மேல் ஊன்றி, முதுகை வளைக்காமல் உடம்பின் எடையாலேயே இழுத்துத் திருப்பி, பின்புறம் ஒரு தலையணையைக் கொடுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் இடையே மடித்த பழைய புடவையைச் செருகுவார். இப்படி இரண்டு பகல், மூன்று இரவு.

இரண்டாம் நாள் மத்தியானம், கைப்பேசியில் மிச்சமிருந்த சொற்ப மின்சாரத்தில் யாருடனோ பேசிவிட்டு வந்தவர், "வீட்ல ஜன்னல் வரைக்கும் தண்ணி வந்துடுச்சாம் சார். பசங்கள பள்ளிக்கூடத்து மாடில ஏத்திட்டாங்களாம்" என்றார். அவருடைய வீடு ஜாபர்கான்பேட்டையில், ஆற்றோரத்தில் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "கஞ்சி ஆறுது, பாட்டிம்மாவுக்குக் குடுத்துடறேன்" என்று உள்ளே போய்விட்டார். அந்த ஒன்றரை நாளில் அவருடைய வீடு எங்கே இருக்கிறது, குழந்தைகள் யாரிடம் இருக்கின்றன என்று நான் ஒரு தரமாவது கேட்டேனா என்றால், இல்லை. பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கிறார்கள் என்பது நகரத்தின் நித்திய ஸ்திதி. வெள்ளம் வந்தபோதுதான் அது எனக்குக் கண்ணில் பட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள், அவர் எங்கள் வீட்டில் டூட்டியில் இருந்த ஒரு நாளில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பட்டியலில் தம் குடும்பத்தைச் சேர்ப்பதற்கு அவர் எத்தனை நாள் அலைந்தார் என்பதும், அலைந்த நாட்களுக்கெல்லாம் ஏஜென்சி சம்பளம் பிடித்தது என்பதும் எனக்குப் பிற்பாடு தெரியவந்தன.

பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போல அவருடைய குடும்பமும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டது. என் தாயார் காலமானபின், மேற்கு மாம்பலத்தில் பக்கவாதத்தால் படுத்துவிட்ட என் அக்காவின் கணவரைப் பார்த்துக்கொள்ள அவர் போகலானார். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ் பிரயாணம்; காலை எட்டு முதல் இரவு எட்டு வரை டூட்டி.

2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி செலுத்தும்பொருட்டுத் தேசமெங்கும் ஜனங்கள் கை தட்டினார்கள்; தட்டு வைத்திருந்தவர்கள் தட்டைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு நாள் கழித்து கொரோனா ஊரடங்கு வந்தது. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த அந்த உத்தரவோடு விதிவிலக்குப் பட்டியல் ஒன்றும் வந்தது; அதில் மருத்துவமனை இருந்தது, மருந்துக்கடை இருந்தது, பால் இருந்தது. மூக்குக் குழாயின் வழியாகத் தவிர வேறு வழியில் ஆகாரம் இறங்காத ஒரு மனிதருக்கு நாளைக்கு ஆறு தரம் அதைச் செலுத்துகிறவர் இல்லை. தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவரை வழியில் நிறுத்திய காவலர், அக்கா எழுதிக் கொடுத்த கடிதத்தை நிதானமாகவே படித்தாராம், படித்துவிட்டு, "ஆஸ்பத்திரி ஐ.டி. கார்டு இருக்காம்மா?" என்று கேட்டாராம். அவர்மீது நான் குறை சொல்ல மாட்டேன். பட்டியலைப் பார்த்து ஆளை விடச் சொன்னார்கள். பட்டியலில் இந்த ஆள் இல்லை.

மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21-ஆம் தேதி ஒரு விளக்க உத்தரவு பிறப்பித்தது. வீட்டில் வசிக்கும் முதியவர்களின் படுக்கையருகே உதவுபவர்களும் பராமரிப்பாளர்களும் விதிவிலக்கில் அடங்குவர் என்று அதில்தான் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அதே உத்தரவில் அவர்களுடன் சேர்ந்து அனுமதி பெற்றவை, செல்போன் ரீசார்ஜ் வசதியும், நகரத்து ரொட்டித் தொழிற்சாலைகளும், மாவு மில்லும், பருப்பு மில்லும். இந்தச் சேர்க்கையைப் பார்த்து நகைப்பவர்கள் நகைக்கலாம். எனக்கு அன்று சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அது ஊரடங்கின் இருபத்தெட்டாவது நாள். காகிதத்தில் அனுமதி கிடைத்துவிட்டாலும் பஸ் இல்லை. சென்னையில் மாநகரப் பஸ் மறுபடி ஓடியது செப்டம்பர் முதல் தேதியன்றுதான்.

இதற்கிடையில் அக்கா வீட்டார் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரல் மாதத்தின் நடுவில், தெரிந்த ஒருவருடைய வண்டியில் அவரை எப்படியோ வரவழைத்து, "இனிமேல் இங்கேயே இரு, போய்ப் போய் வந்தால் நோயைக் கொண்டுவந்துவிடுவாய்" என்றார்கள். பயத்தில் சொன்னார்கள்; பயம் நியாயமானதுதான். பன்னிரண்டு மணி நேர டூட்டி அன்றைக்கு இருபத்து நான்கு மணி நேரமாயிற்று. வாராந்தர ஓய்வு போயிற்று. அறுபத்தெட்டு நாள் அவர் தம் குழந்தைகளை வீடியோவில்தான் பார்த்தார். சம்பளம் உயர்ந்ததா என்றால், சற்றே உயர்ந்தது. உயர்ந்ததில் ஏஜென்சியின் பங்கும் உயர்ந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரைக் காவலில் வைத்துவிட முடியும் என்பதும், அதை நல்லவர்களே, மனமறிந்து தீங்கு நினைக்காதவர்களே செய்வார்கள் என்பதும் அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் நடந்த சங்கதி.

நோயாளிகளோடு நேரடித் தொடர்புக்கு வரும் அரசு மருத்துவப் பணியாளர்களுக்கும், அந்தப் பணிக்கு அரசு அழைத்துக்கொண்ட தனியார் ஊழியர்களுக்கும் அப்போது ஐம்பது லட்சம் ரூபாய் காப்பீடு அறிவிக்கப்பட்டது; வீடுகளில் வேலை செய்பவரை அந்த வாசகம் தொடவில்லை. தடுப்பூசியின் கதை இன்னும் விசித்திரமானது. 2021 ஜனவரி 16 முதல் மருத்துவமனை ஊழியர்களுக்கு, மார்ச் முதல் தேதியிலிருந்து அறுபது வயது கடந்தவர்களுக்கு என்று வரிசை வந்தது. ஆகவே, வெளியே அடி வைக்காத என் அக்கா கணவருக்கு மார்ச் மாதத்தில் ஊசி போட வழி பிறந்தது. தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து குழாயைக் கழுவுகிற நாற்பது வயதுப் பெண்ணின் முறை மே முதல் தேதிக்குப் பிறகே வந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று எவரும் யோசிக்கவில்லை.

சட்டம் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளருக்கென்று நல வாரியம் 2007-இலேயே அமைந்தது. வீட்டுப் பணியாளர் உரிமைகளைப் பற்றிய 189-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் மாதம் ஜினீவாவில் நிறைவேற்றியது. நம் தேசம் அதற்கு இன்னும் ஒப்புதல் வழங்கவில்லை. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், அபாய காலத்துக்கு உபயோகப்படக்கூடிய ஒரு சிறிய காரியம் அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடி ஆள் வருகிறார். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. எந்தத் தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பதை அறிந்த கணக்கு அது. அந்தக் கணக்கில், 'இவரைப் பார்த்துக்கொள்பவர் யார், எங்கிருந்து வருகிறார்' என்று இன்னும் ஒரு கட்டம் போட்டால் போதும். மறுபடி ஒரு ஊரடங்கு வந்தால் அனுமதிச் சீட்டுக்கும், ஊசிக்கும், முகக் கவசத்துக்கும் அந்தக் கட்டமே ஆதாரமாகும். எனக்கு இது பெரிய செலவாகத் தோன்றவில்லை.

வீட்டார் செய்யவேண்டியதற்கு அரசாங்கத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அக்கா வீட்டில், காலம் கடந்தேனும் செய்தார்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவருடன் உட்கார்ந்து பேசி, ஒரு முழுத் தாளில் எழுதி, ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினார்கள். இடப் பக்கத்தில் நோயாளியின் மருந்துகளும் ஆகார வேளைகளும். வலப் பக்கத்தில் அந்தப் பெண்மணியின் பெயர், ஊர், குழந்தைகள் படிக்கும் பள்ளி, மழைக்காலத்தில் எந்த மணிக்குமேல் அவரை நிறுத்திவைக்கலாகாது, அவர் வர முடியாத நாட்களுக்கும் சம்பளம் உண்டு, அந்த நாட்களில் இரவு விழிக்கப்போவது யார். கடைசி வரிக்கு நேரே முதலில் யாரும் பெயர் எழுத முன்வரவில்லை. பிறகு அக்காவின் மகன் தன் பெயரை எழுதினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம், தகப்பனாரை அதுவரை ஒரு தரமும் புரட்டிப் படுக்க வைத்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மூன்றாம் தேதி மத்தியானமே, மழை வலுக்குமுன், கையில் சம்பளத்தோடு அவரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பிராந்தியம் முழுவதும் தண்ணீர். எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. அக்கா கணவருடைய காற்று மெத்தையிலும் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. ராத்திரி ஒன்பது மணிவாக்கில் எப்படியோ ஐந்து நிமிஷம் போன் கிடைத்தபோது, அக்காவின் மகன் அவரிடம் முதலில் குழந்தைகளைப் பற்றிக் கேட்டான். நாலாவது மாடியில் பத்திரமாக இருந்தார்கள். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தான். மழை இரைச்சலுக்கு நடுவே அவருடைய குரல் விட்டுவிட்டுக் கேட்டது: "முழங்கால மேல ஊனுங்க தம்பி... முதுக வளைக்காதீங்க... இழுங்க, மெதுவா."